பழைய சரக்கு வண்டி வாங்குவோர் எஞ்சினை எடைபோடும் முறை

கொங்கு நாட்டில் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வேலை இன்று பெரும்பாலும் சிறிய சரக்கு மோட்டார் வண்டிகளையே சார்ந்து நிற்கிறது. பொழுது விடியுமுன் மாட்டு வண்டிகள் வரிசையாகச் சந்தைக்குச் சென்ற காலத்தை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்விடத்தில் இப்பொழுது குட்டி யானை என்று மக்கள் அழைக்கும் டாடா ஏஸும், அசோக் லேலண்ட் தோஸ்தும், மஹிந்திரா பொலேரோ பிக்கப்பும் நிற்கின்றன. புதிய வண்டி வாங்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே உழவர்களிற் பலரும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், மகளிர் குழுக்களும் பிறர் ஓட்டிய வண்டியையே நாடுகின்றனர். அது தவறன்று. ஆனால் கண்ணபுரம் சந்தையில் பல்லும் சுழியும் பாராமல் காளை பிடிப்பவர் உண்டோ? வண்டி வாங்கும்போது மட்டும் வண்ணப்பூச்சையும் விலையையும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறோம்.

அன்னூர்ப் பக்கத்து உழவர் ஒருவரை நாம் அறிவோம். பால் கேன்களை மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூட்டுறவுச் சங்கத்திற்குக் கொண்டுசெல்லவும், வாரம் ஒரு முறை தீவனம் ஏற்றி வரவும் அவருக்கு வண்டி தேவைப்பட்டது. ஓராண்டே ஓடிய நல்ல டீசல் வண்டி ஒன்றை வாங்கினார். வண்டியில் குறை ஏதும் இல்லை. எனினும் சில மாதங்களுக்குள் முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி இழுக்க மறுத்தது. பழுது பார்க்கும் செலவு பல மாதப் பால் பணத்தை விழுங்கிவிட்டது. வண்டி நல்லதே, அவருடைய வேலைக்குத்தான் அது பொருந்தவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

எந்த எஞ்சின் நல்லது என்று கேட்பதற்கு முன், நம் சுமை எவ்வளவு, பாதை எத்தகையது, நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். சுமையைக் கண்மதிப்பாகக் கொள்ளலாகாது. உடுமலைச் சந்தையில் தக்காளி 14 கிலோ பெட்டியாக விற்கப்படுகிறது. அறுபது பெட்டி ஏற்றினால் 840 கிலோ ஆகிவிடும். குட்டி யானை முறையாகச் சுமக்கக்கூடியது ஏறத்தாழ முக்கால் டன்னே. பொள்ளாச்சித் தோப்பிலிருந்து உரித்த தேங்காய் இரண்டாயிரம் ஏற்றினால் ஒரு டன்னுக்குக் குறையாது. வண்டிக்கு வண்டி அளவு மாறுமாதலால், பதிவுச் சான்றில் குறித்துள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துப் பார்த்தல் வேண்டும். மிஞ்சுவதே சட்டப்படி ஏற்றத்தக்க சுமை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் மிகைப் பாரத்திற்கு ரூ. 20,000-மும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000-மும் அபராதம் விதிக்கிறது. அபராதத்தை விடப் பெரிய நஷ்டம் எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் நேர்வதாகும்.

இவ்விடத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். களை எடுக்கவும் காய் பறிக்கவும் பெண்களைச் சரக்கு வண்டியின் பின்புறத்தில் நிற்க வைத்து அழைத்துச் செல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. வண்டி கவிழ்ந்தால், சட்டத்திற்குப் புறம்பாக ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கிடைக்கும் என்று நம்புவதற்கில்லை. அப்பொறுப்பு வண்டி உடையவரின் தலையில் விழக்கூடும். ஆள் ஏற்றுவதற்கு ஆள் ஏற்றும் வண்டியையே அமர்த்த வேண்டும்.

பாதையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டியுள்ளது. பல்லடம், காங்கயம், தாராபுரம் போன்ற சமவெளிப் பகுதிகளில் சிறிய எஞ்சினே போதும். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சத்தியமங்கலத்திற்கு மேலே திம்பத்தில் 27. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40. இத்தகைய ஏற்றத்தில் எஞ்சின் தாழ்ந்த கியரிலேயே நெடுநேரம் உழைக்கும், சூடேறும். மேலும், உயரம் செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத எஞ்சின் தன் வலிமையில் ஒரு பகுதியை இழக்கும். 2,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள உதகையில் இந்த இழப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் சிறு சுழலி. அது அக்குறையைப் பெரும்பாலும் ஈடு செய்கிறது. மலைக்குச் செல்லும் உழவர் டர்போ உள்ள எஞ்சினை நாடுவதே முறை. அவர் அறிய வேண்டிய ஒன்று: நெடுந்தூரம் ஏறி வந்தவுடன் சாவியைத் திருகி நிறுத்தாமல், ஒரு நிமிஷமாவது மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினால் டர்போ நீடித்து உழைக்கும்.

இனி எஞ்சின்களைப் பார்ப்போம். 2005-இல் வெளிவந்த டாடா ஏஸில் இருந்தது 702 சி.சி. கொள்ளளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். குதிரைத் திறன் 16. மின்னணுக் கருவிகளின் சிக்கல் அதில் இல்லை. கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பழகிய நம் ஊர்க் கைத்தொழிலாளிக்கு அதன் உள்ளமைப்பு புதிரன்று. குறைந்த தூரம், குறைந்த சுமை, சமதரை என்றால் அதன் பிற்காலப் பிரதிகளில் நல்லதொன்றைத் தேடி வாங்கலாம். 2011-இல் வந்த தோஸ்த், மூன்று சிலிண்டர் கொண்ட சுமார் ஒன்றரை லிட்டர் டர்போ டீசல். ஒன்றேகால் டன் வரை சுமக்கும். நம் ஓசூரிலேயே உருவானது. பொலேரோ பிக்கப்பின் 2,523 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின் மேட்டிலும் மண் பாதையிலும் தயங்காது. ஆனால் அரை டன் சுமைக்காக அதை ஓட்டுவது, ஒரு கூடை கத்தரிக்காய்க்கு இரட்டை மாட்டு வண்டி பூட்டுவதை ஒக்கும்.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ். 4 தரமும், 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 தரமும் நடைமுறைக்கு வந்தன. பி.எஸ். 6 டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. தொழிலாளர் இதை டி.பி.எஃப். என்பர். பிடித்த கரியை அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்வது அதன் இயல்பு. அதற்குப் புகைக் குழாய் ஏறத்தாழ 600 பாகை வெப்பம் அடைய வேண்டும். நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீராக ஓடினால்தான் அவ்வெப்பம் கிட்டும். மூன்று கிலோமீட்டர் சென்று நின்று, மீண்டும் மூன்று கிலோமீட்டர் திரும்பும் வண்டிக்கு அந்த வாய்ப்பு எங்கே? கரி சேர்ந்துகொண்டே போய் வடிகட்டி அடைபட்டுவிடும். அன்னூர் அன்பருக்கு நேர்ந்தது இதுவே. நாள்தோறும் ஒட்டன்சத்திரத்திற்கோ ஈரோட்டிற்கோ ஓடும் வண்டியாயின், அதே எஞ்சின் குறையின்றி உழைத்திருக்கும்.

இவ்வகை வண்டிகள் சிலவற்றில் யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தொட்டியும் உண்டு. அதற்கென்று விற்கும் தூய கரைசலையே ஊற்ற வேண்டும். வயலுக்கு வாங்கிய யூரியாவை நீரில் கரைத்து ஊற்றிப் பார்ப்போம் என்னும் சிக்கன புத்தி இங்கே உதவாது. வாங்குமுன் இத்தொட்டியும் எச்சரிக்கை விளக்குகளும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம். சாவியைத் திருப்பியவுடன் எல்லா விளக்குகளும் ஒரு முறை எரிந்து பின் அணைய வேண்டும். ஒரு விளக்கு எரியவே இல்லையெனில், அதை யாரேனும் துண்டித்திருக்கக் கூடும்.

டீசல் என்றால் மலிவு என்ற எண்ணம் நம்மிடையே ஆழப் பதிந்திருக்கிறது. அரசு டீசல் விலையைத் தாழ்த்தி வைத்திருந்த காலத்தில் அது உண்மை. 2014 அக்டோபரில் அக்கட்டுப்பாடு நீங்கியது முதல் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இடையிலுள்ள விலை வேற்றுமை வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டீசல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் பெட்ரோல் வண்டி 12 கிலோமீட்டரும் ஓடுவதாகவும், டீசல் ரூ. 92, பெட்ரோல் ரூ. 101 என்றும், டீசல் வண்டியின் விலை ரூ. 80,000 அதிகம் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு டீசல் செலவு ரூ. 4,600, பெட்ரோல் செலவு சுமார் ரூ. 6,310. மீதமாவது ரூ. 1,710. அதிகம் கொடுத்த பணம் திரும்பி வர ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும். மாதம் 1,875 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ ஒன்றரை ஆண்டைச் சற்றே தாண்டியவுடன் வந்துவிடும். அவரவர் ஊர் விலையையும் தம் ஓட்டத்தையும் இட்டு இக்கணக்கை ஒவ்வொருவரும் போட்டுப் பார்த்தல் நலம். குறைந்த தூரம் ஓட்டுவோருக்கு டாடா ஏஸின் 694 சி.சி. பெட்ரோல் எஞ்சின், மாருதி சூப்பர் கேரியின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் போன்றவை சிக்கனமாக அமையும். வடிகட்டித் தொல்லை அவற்றிற்கு இல்லை.

இயற்கை எரிவாயு வண்டிக்கு எரிபொருள் செலவு குறைவு. ஆனால் உருளையின் எடை சுமையிலிருந்து கழியும். மேட்டில் இழுவை சற்றுக் குன்றும். எரிவாயு நிலையம் அன்றாடப் பாதையில் இருத்தல் வேண்டும். உருளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது விதி. பின்னால் பொருத்திய கருவியாயின் பதிவுச் சான்றில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சார வண்டியின் விலையில் பெரும் பங்கு மின்கலத்தினுடையது. அதன் நிலையை உரிய கருவியால் சோதித்த அறிக்கை இல்லாமல் பழைய மின்சார வண்டியை வாங்கலாகாது.

வண்டியைப் பார்க்கச் செல்வோர் விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செல்வது சிறந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் ஐயம் கொள்க. குளிர்ந்த நிலையில் உடனே புறப்படுகிறதா, புகையின் நிறம் என்ன என்று கவனிக்க வேண்டும். விடாது வரும் கரும் புகை இன்ஜெக்டரிலோ காற்று வடிகட்டியிலோ கோளாறு என்பதைக் காட்டும். நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதன் அடையாளம். வெண் புகை விடாமல் வந்து ரேடியேட்டர் நீரும் குறைந்தால் சிலிண்டர் மூடியில் பழுது இருக்கக்கூடும். ஓடும் எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால், பிஸ்டன் வளையம் தேய்ந்த எஞ்சின் புகையைக் குப்குப்பென்று வெளியே தள்ளும். இதையே பட்டறைக்காரர் பேக் கம்ப்ரஷன் என்பர். அந்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், எஞ்சின் வேலைச் செலவைக் கழித்தே விலை பேச வேண்டும்.

பின்னர் கீழே குனிந்து சட்டத்தைப் பார்க்க. வெல்டிங் வைத்த தழும்பும், கூடுதலாகச் சேர்த்த ஸ்பிரிங் பட்டையும் அந்த வண்டி சுமந்த மிகைப் பாரத்தைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் விற்பனைக்கு வருவதுண்டு. 2018-இல் கேரளத்தில் நேர்ந்த பெருவெள்ளம் அனைவரும் அறிந்ததே. இருக்கைக்கு அடியில் துருவும் மின்கம்பி இணைப்புகளில் வண்டலும் காணப்பட்டால் விலகிவிடுவதே மேல். வேற்று மாநிலப் பதிவாயின் அங்கிருந்து தடையின்மைச் சான்றும், இங்கே வரி கட்டிப் புதிய பதிவும் தேவைப்படும். அந்தச் செலவையும் விலையோடு சேர்க்க வேண்டும்.

தகுதிச் சான்றை எட்டாண்டு வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வண்டியின் மேல் நிதி நிறுவனக் கடன் இருந்தால், அது தீர்ந்ததற்கான 35-ஆம் படிவம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கலாகாது. கட்டாத அபராதங்கள் உள்ளனவா என்பதைப் பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டுநரைப் பற்றி ஒரு நற்செய்தி: 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிகளை இலகுரக வாகன உரிமம் உடையவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது.

இறுதியாகப் பெயர் மாற்றம். 29, 30-ஆம் படிவங்களில் வெறும் கையொப்பம் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் எனக் கருதப்பட்டு, விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே தம் பழைய வண்டியை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கும் உழவர், புதிதாக வந்த வண்டியின் காகிதங்களோடு, விற்ற வண்டி பெயர் மாறியதற்கான அத்தாட்சியின் நகலையும் வாங்கித் தம்மிடம் வைத்துக்கொள்வாராக.