புரியாத தாளில் ஒரு கையெழுத்து

பல்லைப் பிடுங்குவதற்கோ, பல்லின் உள்ளே பழுதான நரம்புத் திசுவை நீக்கி அடைக்கும் வேர்ச் சிகிச்சைக்கோ முன்னதாக நோயாளியின் சம்மதத்தை எழுத்தில் பெறும் தாளே ஒப்புதல் படிவம். கோவையை ஒட்டிய துடியலூர் வட்டாரத்துப் பட்டறைகளிலும் பவுண்டரிகளிலும் பாடுபடும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களும், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த உள்ளூர்ப் பெரியவர்களும் பல்வலியோடு வந்து அமரும்போது நீட்டப்படும் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதும், ‘எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது’ என்னும் வரிகூட அதே ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பதும் அந்தத் தாளின் நோக்கத்தையே குலைத்துவிடுகின்றன.

அறுவைச் சிகிச்சை வழக்கொன்றில் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, பயன், முக்கியமான ஆபத்துகள், மாற்று வழிகள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடிய விளைவு ஆகியவற்றை அறிந்தபின் தரப்படும் சம்மதமே செல்லும் என்றும், ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் வேறொன்றுக்கு ஆகாது என்றும் வரையறுத்தது. கடைவாயின் கோடியில் முளைக்கும் கீழ் ஞானப்பல்லை எடுத்துக்கொண்டால் இதன் அருமை விளங்கும். அதன் வேருக்கு அருகிலேயே தாடை நரம்பு ஓடுவதால், பல்லை எடுத்தபின் கீழுதடும் மோவாயும் சில வாரங்களோ மாதங்களோ மரத்துப்போகலாம், அரிதாக அது நிலைத்தும் விடலாம். இதை முன்பே கேட்டறிந்தவர் மரமரப்பைப் பொறுத்துக்கொள்வார். கேளாதவருக்கோ அது மருத்துவர் செய்த தவறாகவே தோன்றும்.

எல்லாவற்றையும் சொன்னால் நோயாளி பயந்து எழுந்து போய்விடுவார் என்று மருத்துவர்கள் சிலர் கருதுவதுண்டு. ஆனால் அதைவிடக் கவலைக்குரியது, தொழிலாளியை அழைத்துவரும் மேற்பார்வையாளரே மொழிபெயர்ப்பாளராகவும் பணம் கட்டுபவராகவும் நிற்கும் நிலை. மறுநாள் வேலைக்கு ஆள் வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருக்கும்போது, பல்லைக் காப்பாற்றப் பலமுறை வரவேண்டிய வேர்ச் சிகிச்சையும் உண்டு என்ற செய்தி தொழிலாளியின் காதுக்குப் போகாமலே நின்றுவிடக்கூடும்.

தமிழ், இந்தி, ஒடியா மொழிகளில் ஒரு பக்கப் படிவம் அச்சிடுவது பெருஞ்செலவன்று. மரத்துப்போகும் ஊசியைப் போடுவதற்கு முன்பே அதைப் படித்துக்காட்டவும் வேண்டும். கேஸ் ஷீட் எனப்படும் சிகிச்சைக் குறிப்பேட்டில், கீழ்த்தாடை வலப்புற முதல் கடைவாய்ப்பல் என்பதைக் குறிக்கும் 46 என்ற எண்ணோடும், கொடுத்த மருந்தின் பெயர், அளவோடும், எந்த மொழியில் விளக்கப்பட்டது, மொழிபெயர்த்தவர் யார், நோயாளி திருப்பிக் கேட்ட கேள்வி என்ன என்பவையும் அன்றைக்கே தேதியிட்டுப் பதிவாக வேண்டும்.