முதலில் சோர்ந்துபோகும் நீல விளக்கு!

நாலைந்து வருஷம் உழைத்த செல்போன் வீட்டில் இருக்கிறதா? அதன் திரை 'ஓ.எல்.இ.டி.' வகையாக இருந்தால், வெள்ளைப் படம் ஒன்றை வரவழைத்துப் பாருங்கள். வெள்ளை பளிச்சென்று இல்லாமல் சற்று மஞ்சள் பாய்ந்து தெரியலாம். எப்போதும் ஒரே இடத்தில் தோன்றும் அடையாளங்கள் நிழல்போலப் படிந்து கிடக்கலாம்.

இது அழுக்கு அல்ல, துடைத்தால் போகாது. திரைக்குள் இருக்கும் நீல விளக்குகள் மங்கி வருவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்!

இத்தகைய திரையில் லட்சக்கணக்கான சின்னஞ்சிறு விளக்குகள் உண்டு. சில சிவப்பு, சில பச்சை, சில நீலம். மூன்றும் சேர்ந்து எரிந்தால் வெள்ளை. நீலம் குறைந்தால் மஞ்சள். மூன்று நிறங்களில் நீலத்துக்குத்தான் ஆயுள் குறைவு.

1987-ல் பிறந்த விளக்கு

அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற நகரம் இருக்கிறது. அங்கே போட்டோ பிலிம் தயாரித்துப் பெயர் பெற்ற கோடாக் கம்பெனியில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரு விஞ்ஞானிகள் வேலை பார்த்தார்கள். 1987-ம் ஆண்டில் அவர்கள் ஒரு புதுமையான விளக்கை உலகுக்கு அறிவித்தார்கள்.

அந்த விளக்கில் கம்பி இல்லை, வாயு இல்லை. கார்பன் சேர்ந்த ரசாயனப் பொருள்களை இரண்டு மெல்லிய படலங்களாகப் பூசியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்தும் தலைமயிரின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை! 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் அது பச்சை ஒளி வீசியது.

ஒளி எப்படி வந்தது? ஒரு பக்கத்திலிருந்து எதிர் மின்சாரமும், மறு பக்கத்திலிருந்து நேர் மின்சாரமும் வருகின்றன. இரண்டும் ஒரு மூலக்கூறில் சந்திக்கின்றன. மூலக்கூறு துள்ளி எழுகிறது. பிறகு அது அடங்கும்போது, பெற்ற சக்தி ஒளியாக வெளிவருகிறது.

நாலில் மூன்று வீண்!

ஆனால் ஒரு குறை. துள்ளி எழுந்த நாலு மூலக்கூறுகளில் ஒன்றுதான் ஒளி தந்தது. மற்ற மூன்றின் சக்தி வெறும் சூடாகப் போயிற்று. நாலு படி அரிசியை உலையில் போட்டு, ஒரு படிக்குத்தான் சோறு எடுத்த கதை!

1998-ம் ஆண்டில் இதற்கு வழி பிறந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பாரஸ்ட், தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மார்க் தாம்ஸன் ஆகியோரின் குழுவினர், பிளாட்டினம் என்ற கனமான உலோகம் சேர்ந்த பொருளைப் படலத்தில் கலந்தார்கள். வீணாகிய மூன்று பங்கும் ஒளியாக மாறத் தொடங்கியது. சிவப்புக்கு இந்த முறை பலித்தது. பிறகு பச்சைக்கும் பலித்தது.

நீலம் மட்டும் முரண்டு பிடித்தது!

இரட்டைச் சுமை

காரணம் இதுதான். நீல ஒளிக்குச் சக்தி அதிகம் வேண்டும். சிவப்பைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். உலோகம் கலந்த முறையில், இந்தச் சக்தியைச் சுமந்தபடி மூலக்கூறு சற்றுக் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் ஒரு விநாடியை 10 லட்சமாகப் பங்கிட்டால் வரும் சில பங்குகளே. ஆனால் மூலக்கூறுக்கு அது நீண்ட நேரம்.

அதற்குள் பக்கத்து மூலக்கூறு தன் சக்தியையும் இதன் தலையில் ஏற்றிவிடுகிறது. இரட்டைச் சுமை! அணுக்களைப் பிணைத்திருக்கும் கட்டு அறுந்துபோகிறது. அறுந்த மூலக்கூறு பிறகு ஒளி தராது.

இதனால் செல்போன்களில் சிவப்பும் பச்சையும் புது முறைக்கு மாறிய பின்னும், நீலம் பல ஆண்டுகள் பழைய முறையிலேயே எரிந்தது. அதனால் மின்சாரமும் கூடுதலாகச் செலவாயிற்று.

வைத்தியம் என்ன?

நீலப் புள்ளியைப் பெரிதாக அமைப்பது ஒரு வழி. இடம் பெருகினால் நெரிசல் குறையும். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக, கனநீரில் உள்ள கன ஹைட்ரஜனைச் சேர்த்துக் கட்டை உறுதியாக்குவது இன்னொரு வழி.

ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகத்தின் சிஹாயா அடாச்சி குழுவினர், கன உலோகம் இல்லாமலே, சுற்றுப்புறச் சூட்டைக் கொண்டு வீணாகும் பங்கை மீட்கும் முறையை 2012-ல் விளக்கினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பாரஸ்டின் குழு, ஒளி தரும் மூலக்கூறுகளை ஒரே இடத்தில் நெருக்காமல் படிப்படியாகப் பரப்பியது. நீல விளக்கின் ஆயுள் பத்து மடங்கு உயர்ந்ததாக 2014-ல் அறிவித்தது.

2025 மே மாதத்தில் தென் கொரியாவின் எல்.ஜி. டிஸ்பிளே கம்பெனி மேலும் ஒரு படி ஏறியது. பழைய முறை நீலத்தையும் புது முறை நீலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆயுள் குறையாமல், மின்சாரச் செலவைச் சுமார் 15 சதவீதம் குறைத்ததாகத் தெரிவித்தது.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. திரை வெளிச்சத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரே படத்தை மணிக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். கறுப்புப் பின்னணியை வையுங்கள். கறுப்பு தெரியும் இடத்தில் இந்த விளக்குகள் எரிவதே இல்லை. நீல விளக்குக்கு அதுதான் ஓய்வு.