கருவேலம் பிசின் வயிற்றுக்கு நல்லது: மரம் பார்த்து எடுங்கள்!

உவரி, திசையன்விளை வட்டாரத்துத் தேரி மணலில் பனைக்கு அடுத்து அதிகம் கண்ணில் படுவது முள் மரங்கள்தான். கோடையில் இவற்றின் பட்டை வெடிப்புகளில் தேன் நிறத்தில் பிசின் திரண்டு நிற்கும். மலச்சிக்கலுக்கு நல்லது என்று இதை எடுத்து ஊறவைத்துக் குடிப்பவர்கள் உண்டு. வேலம் பிசின் நல்ல நார்ச்சத்து என்பது உண்மை. ஆனால் எல்லா முள் மரத்துப் பிசினும் வேலம் பிசின் ஆகாது.

வயிற்றில் எப்படி வேலை செய்கிறது?

வேலம் பிசின் தண்ணீரில் கரையும் நார்ச்சத்து. காய்ந்த பிசினில் பெரும்பகுதி நார்ச்சத்துதான். சிறுகுடலில் இது செரிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போனதும், அங்குள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் இதை உணவாக எடுத்துக்கொண்டு பெருகுகின்றன. அப்போது உண்டாகும் அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் குடல் சுவரைப் பாதுகாக்கின்றன. மெதுவாகப் புளிப்பதால் வேறு சில நார்ச்சத்துகளைவிட வாயுத் தொல்லை குறைவு.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 டிசம்பரில் இதை உணவு நார்ச்சத்தாக ஏற்றுக்கொண்டது. மாவுச்சத்து உணவுடன் சேர்த்துச் சாப்பிடும்போது ரத்தச் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்பதே அதற்குக் காரணம்.

எந்த மரத்துப் பிசின்?

உலகச் சந்தையில் 'கம் அராபிக்' என்று விற்கப்படுவது அகேசியா செனகல், அகேசியா சேயல் ஆகிய இரண்டு மரங்களின் பிசின் மட்டுமே. சூடான் நாடுதான் இதில் முதலிடம். நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தப் பிசினைக் கொண்டு செய்தவை. நம் நாட்டுக் கருவேலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மரம்தான். வடமாநிலங்களில் நெய்யில் பொரித்து லட்டு பிடிக்கும் 'கோந்து'க்கும் கருவேலம் பிசின் பயன்படுகிறது.

நம் பகுதி மரங்களை இப்படி அடையாளம் காணலாம்:

- கருவேல்: கருத்த, வெடித்த பட்டை. மஞ்சள் நிற உருண்டைப் பூ. விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்தாற்போன்ற காய்.
- சீமைக்கருவேல்: வெளிர்மஞ்சளில் நீண்ட கதிர் போன்ற பூ. மஞ்சளாகப் பழுக்கும் இனிப்பான நெற்று.
- உடை (குடைவேல்): குடை விரித்தாற்போன்ற தட்டையான தலை. சுருண்ட காய்.

சீமைக்கருவேல், உடை இரண்டின் பிசினையும் உணவுக்கு எடுக்க வேண்டாம். சீமைக்கருவேல் பிசினும் தண்ணீரில் கரையும் என்பதால், கரைத்துப் பார்த்துக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மரத்தில் பார்த்து எடுப்பதுதான் ஒரே வழி. பாதாம் பிசின் வேறு. அது கரையாமல் கூழாக உப்பும்.

எடுக்கும் முறை

பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களே ஏற்ற காலம். மழை பட்டால் பிசின் கரைந்து வீணாகும். தானாகக் கசிவதை எடுப்பது மரத்துக்கு நல்லது. கீறுவதானால் முதிர்ந்த மரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை மட்டும் உரிக்கவும். கட்டையில் வெட்டு விழக்கூடாது. மரத்தைச் சுற்றியும் உரிக்கக்கூடாது, மரம் பட்டுப்போகும்.

ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், எத்தபான் மருந்தைத் தண்டில் செலுத்திப் பிசின் சுரப்பைக் கூட்டும் முறையை ராஜஸ்தானில் பரப்பியுள்ளது. அது அகேசியா செனகல் மரத்துக்கான முறை. கருவேலில் நீங்களாக முயல வேண்டாம்.

எடுத்த பிசினில் பட்டை, மணல் நீக்கி, நிழலில் நன்கு உலர்த்திக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். சாலையோரம், பூச்சிமருந்து அடித்த தோட்ட வரப்பு ஆகிய இடங்களில் எடுக்க வேண்டாம். குளத்து மரங்கள் பொதுச் சொத்து. அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

சாப்பிடும் அளவு

பெரியவர்கள் அரைத் தேக்கரண்டித் தூளில் தொடங்குங்கள். இரவில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி மோரில் கலந்து குடிக்கலாம். வயிறு ஏற்றுக்கொண்டால், இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டி நாளைக்கு இரண்டு தேக்கரண்டி வரை போகலாம். எடுத்த எடுப்பில் அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும். அன்று முழுவதும் போதிய தண்ணீர் குடிப்பது அவசியம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், குடல் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். சிறு குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், வாரக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கல் இருந்தால் பிசினை நம்பி நாள் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிசின் மட்டும் போதாது

பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது அன்றாட உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். இரண்டு தேக்கரண்டிப் பிசினில் அதில் ஒரு பங்குதான் வரும். பனங்கிழங்கு, முருங்கைக்கீரை, கம்பு, தட்டைப்பயறு எல்லாம் நம் ஊரிலேயே விளைகின்றன. தட்டில் இவை இருந்தால்தான் பிசினால் பலன் உண்டு.

விற்க நினைப்பவர்களுக்கு

உணவுக்கென்று விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். கருவேலம் பிசினை 'கம் அராபிக்' என்று பெயரிட்டு விற்காதீர்கள். கருவேல், சீமைக்கருவேல் பிசின்களைத் தனித்தனியாகவே சேகரியுங்கள். ஒரு படி கலந்தாலும் மூட்டை முழுவதும் உணவுக்கு ஆகாது, வாங்குபவரின் நம்பிக்கையும் போகும். மரம் எது என்று சந்தேகம் வந்தால் பூ, காயுடன் ஒரு கிளையை ஒடித்து, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ காட்டி உறுதி செய்துகொண்டு பிசின் எடுக்கத் தொடங்குங்கள்.