முதலில் ஈரத்துணி

புனேயில் முளா, முட்டா ஆறுகள் கூடும் இடத்தைச் சங்கம் என்கிறார்கள். ஆறுகளோடு ஊரின் சாக்கடையும் அங்கே கூடிவிடுகிறது. அதைச் சுத்திகரிக்கப் பைரோபா நாலா, நாயுடு என்று பழைய நிலையங்கள் உண்டு. போதவில்லை. நாளொன்றுக்கு 39.6 கோடி லிட்டர் கூடுதலாகச் சுத்திகரிக்க 11 புதிய நிலையங்களுக்கு 2016-இல் ஜப்பான் கடனுதவி ஒப்பந்தமானது.

இத்தகைய நிலையங்களின் இதயம் காற்றூட்டும் தொட்டி. டீ நிறத்தில் நுரைத்துக் கொதிப்பதுபோல் இருக்கும். உள்ளே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்றுகொண்டிருக்கின்றன. அதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் அறிவித்த முறை இது. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே வந்துவிட்டார்.

மீன்தொட்டிக்குக் காற்று விடுவது போலத்தானே என்று தோன்றும். சிக்கல் அளவில் இருக்கிறது. லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருந்தால் போதும். குறைந்தால் நாற்றம் எழும். நூல்போல் நீளும் பாக்டீரியாக்கள் பெருகிச் சேறு அடியில் படியாது. கூடினால்? நிலையத்தின் மின்செலவில் ஏறக்குறைய பாதி காற்றூட்டலுக்கே போகிறது. அதில் ஒரு பங்கு வீண். காலையில் ஊரே குளிக்கும் நேரத்துக்கும் நள்ளிரவுக்கும் காற்றை ஊதும் புளோயர் ஒரே வேகத்தில் ஓடுவது கண்ணுக்குத் தெரியாத ஊதாரித்தனம். 30 டிகிரி வெப்பத்தில் தூய நீரில்கூட ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் ஏழரை மில்லிகிராமுக்கு மேல் கரையாது. புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இன்னும் சற்றுக் குறைவு. சென்னைக்குப் போட்ட கணக்கு அப்படியே செல்லாது.

அளப்பதற்குத் தொட்டியில் ஒரு சென்சார் தொங்கும். அதன் முனையிலுள்ள சாயத்தின்மேல் நீல ஒளி பட்டால் அது சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் அந்த ஒளிர்வை அணைக்கப் பார்க்கும். எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பதிலிருந்து அளவு கணக்காகிறது. அதைப் பார்த்துப் புளோயர் வேகம் தானே கூடும், குறையும்.

ஆனால் சாக்கடையில் தொங்கும் கருவி சுத்தமாகவா இருக்கும்? முடி, எண்ணெய்ப் பிசுக்கு, வழவழப்பான படலம் எல்லாம் ஒட்டும். அந்தப் படலத்தில் குடியேறிய பாக்டீரியாக்கள் சென்சார் முகத்தருகே உள்ள ஆக்சிஜனைத் தாங்களே தின்றுவிடும். தொட்டியில் 2 இருக்க, திரை அரை காட்டும். புளோயர் காரணமில்லாமல் அலறும். எனக்கு இந்தக் கருவியில் மிகப் பிடித்த குறும்பு இதுதான்.

அனுபவமுள்ள ஆபரேட்டர் எண்ணை மட்டும் நம்புவதில்லை. நல்ல தொட்டியில் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். தண்ணீர் கறுத்தால் காற்று போதவில்லை. ஓரிடத்தில் மட்டும் பெரிய குமிழிகள் பொங்கினால் அடியில் காற்றைக் குமிழிகளாக்கும் டிஃப்யூசரின் ரப்பர் கிழிந்திருக்கும். கையில் கொண்டுபோகும் மீட்டரை அருகில் இறக்கிச் சென்சாரோடு ஒப்பிடுவார். இரண்டும் முரண்பட்டால் முதலில் எடுப்பது ஈரத்துணி. சர்வீஸ் ஆளுக்கு போன் அதற்குப் பிறகு.