குழந்தையின் கண்ணில் வெள்ளை மின்னினால்...



கண்புரை முகாமுக்கு ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் போவது நம் குழுக்களுக்குப் பழகிய வேலை. ஆனால் கைக்குழந்தையின் கண்ணிலும் புற்றுநோய் வரும் என்று கூட்டத்தில் சொன்னால், "அப்படியும் உண்டா?" என்று கேட்கிறார்கள். உண்டு. ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். கண்ணுக்குள் இருக்கும் விழித்திரையில் வளரும் கட்டி இது. சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் 5 வயதுக்குள் வந்துவிடும்.

எப்படித் தெரியும்?

கண்ணின் நடுவே இருக்கும் கறுப்புப் பாப்பா, பூனைக் கண் மாதிரி வெள்ளையாக மின்னும். செல்போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் சில நேரம் முதலில் தெரியும். மாறுகண்ணும் ஓர் அறிகுறி. "மாறுகண்ணு அதிர்ஷ்டம்" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. கண் சிவந்தால் தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விட வேண்டாம். வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று பயப்படவும் வேண்டாம். கண்புரையாகவும் இருக்கலாம். கண் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் அந்த வாரமே காட்டிவிட வேண்டும்.

தாய் மீது பழி வேண்டாம்

"கிரகணத்துல வெளிய போனா, அதான்" என்று பேசுவதைக் கேட்கிறோம். இது தவறு. ஆர்பி1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் காரணம். தாய் சாப்பிட்டதாலோ, செய்ததாலோ வருவது இல்லை. இது தொற்று நோயும் அல்ல. ஆனால் சில குடும்பங்களில் பரம்பரையாக வரலாம். அதனால் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லோருடைய கண்ணையும் பரிசோதிக்க வேண்டும்.

கண்ணா, உயிரா?

கட்டி சிறிதாக இருந்தால் லேசர், உறைய வைக்கும் சிகிச்சை, கீமோ மருந்து மூலம் கண்ணைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. முற்றிவிட்டால் கண்ணை எடுக்கச் சொல்வார்கள். இங்கேதான் குடும்பம் உடைந்துபோகிறது. "பொம்பளப் புள்ள, கண்ணு இல்லாம யாரு கட்டுவா?" என்று வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள். கட்டி கண் நரம்பு வழியாக மூளைக்குப் போய்விட்டால் உயிரைக் காப்பது கடினம். கண்ணுக்குள் இருக்கும்போதே முழுச் சிகிச்சை எடுத்தால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். புண் ஆறிய பிறகு செயற்கைக் கண் பொருத்துவார்கள். அதில் பார்வை வராது. ஆனால் முகம் இயல்பாக இருக்கும். மறு கண் நன்றாக இருந்தால் பிள்ளை படிக்கும், ஓடும், வேலைக்கும் போகும்.

குழு என்ன செய்யலாம்?

1. மருத்துவமனைக்குத் தாயோடு ஓர் உறுப்பினர் துணைக்குப் போகலாம். டாக்டர் சொல்வதைக் கேட்டு, வீட்டில் மாமியாருக்கும் கணவருக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம்.

2. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்குச் சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012இல் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். இந்த அலைச்சலை நாம் பங்குபோட்டுக் கொள்ளலாம்.

3. காப்பீடு இருந்தாலும் பஸ் செலவு, சாப்பாடு, போன கூலி எல்லாம் கையிலிருந்துதான். கந்துவட்டிக்குப் போகும் முன்பே குழு உள்கடன் கொடுக்கலாம். பழைய கடனின் தவணையைச் சில மாதம் தள்ளிவைத்து, தீர்மான நோட்டில் எழுதலாம்.

4. வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்குச் சோறு, பள்ளிக்கூடம், ஆடு மாடு ஆகியவற்றை முறைவைத்துப் பார்த்துக் கொள்ளலாம்.

5. கண்ணை எடுத்ததோடு சிகிச்சை முடிந்துவிடாது. மறு கண்ணிலும் வரலாம். டாக்டர் சொன்ன தேதிகளைக் குழு நோட்டில் குறித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் ஞாபகப்படுத்துவோம். வருடக்கணக்கில் பரிசோதனை வேண்டும்.

அந்தத் தாய் கூட்டத்துக்கு வர முடியாத மாதங்களில் அபராதம் போட வேண்டாம். நாம் அவர் வீட்டுக்குப் போவோம். அடுத்த கூட்டத்தில் இதை வாசித்து, உங்கள் ஊரில் 5 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளின் கண்ணையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அங்கன்வாடி அக்காவிடமோ கிராம செவிலியரிடமோ உடனே சொல்லுங்கள்.