வெட்டலாம், அழிக்கலாகாது

இணையவழி ஒளிப்படப் போட்டிகளின் விதிக்கோவைகளில் பங்குபற்றுவோரை அதிகம் குழப்புவது, ஒரே விளைவைத் தரும் இரு செயல்களில் ஒன்றை அனுமதித்து மற்றொன்றைத் தடுக்கும் பிரிவாகும். படத்தின் ஓரத்தில் கிடக்கும் வேண்டாத பொருளை, அந்த ஓரத்தையே வெட்டி நீக்கிவிடலாம். ஓரத்தை வைத்துக்கொண்டு அப்பொருளை மட்டும் அழித்து, அது கிடந்த இடத்தைப் பக்கத்துத் தரையைக் கொண்டு நிரப்பினால் படம் தகுதியிழக்கும். இரண்டிலும் அப்பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் இவ்வேறுபாடு வெறும் சம்பிரதாயம் போலத் தோன்றலாம். ஆனால் கமராவில் பதிவான தகவலுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால் இரண்டும் வெவ்வேறு வினைகளே: முன்னையது பதிவின் ஒரு பகுதியைக் காட்டாமல் விடுகிறது, பின்னையது பதிவாகாத ஒன்றைப் பதிவானதுபோலக் காட்டுகிறது.

2012ஆம் ஆண்டு நேஷனல் ஜியோகிரபிக் போட்டியில் இவ்விதியின் கடுமை வெளிப்பட்டது. காசியில் கங்கைக் கரையில் வழிபாட்டுக்கான ஆயத்தங்களைக் காட்டும் படத்துக்காக ஸ்பானிய ஒளிப்படக் கலைஞர் ஹாரி ஃபிஷ் இடங்கள் பிரிவில் வெற்றி பெற்றார். படத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு பையை அவர் அழித்திருந்தார் என்பது தெரியவந்ததும் அவ்வெற்றி பறிக்கப்பட்டது. ஓரத்தை வெட்டியிருந்தாலும், பையை அப்படியே விட்டிருந்தாலும் வெற்றி அவரிடமே இருந்திருக்கும் என்பதே அவருக்குக் கிடைத்த விளக்கம். அதற்கு இரு ஆண்டுகளுக்கு முன்னர், உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் ஸ்டெபான் ருடிக் என்பவரின் படமும் இவ்வாறே தள்ளப்பட்டது. அவர் தமது சட்டகத்தின் பெரும்பகுதியை வெட்டியெறிந்து, எஞ்சியதைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஓரங்களைக் கருக்கியிருந்தார். நடுவர்கள் அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு, விரல்களுக்கிடையே தெரிந்த ஒரு பாதத்தின் துண்டை அழித்ததற்காகவே அதனை நிராகரித்தனர். மூலப்படத்தையும் இறுதிப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, அப்பாதத்துண்டே மிகச் சிறிய மாற்றமாகத் தெரியும் என்பதில் ஐயமில்லை. விதி மாற்றத்தின் அளவை நோக்குவதில்லை, அதன் வகையையே நோக்குகிறது.

ஒளியையும் நிறத்தையும் திருத்துவது பெரும்பாலான போட்டிகளில் அனுமதிக்கப்பட்டுள்ளது. இத்திருத்தங்கள் இருட்டறைக் காலத்திலிருந்தே வழிவழியாக வருபவை: தாளின் மீது ஒளி விழும்போது ஒரு பகுதியை அட்டையால் சிறிது நேரம் மறைத்தால் அப்பகுதி வெளிறும், மற்றொரு பகுதிக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒளி கொடுத்தால் அது கருமையாகும். போட்டோஷொப் மென்பொருளில் இவ்விரு வேலைகளுக்கும் உள்ள கருவிகள் இன்றும் அந்த இருட்டறைப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. எனினும் கருக்குவதற்கும் எல்லை உண்டு. 2015இல் உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியின் இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தகுதியிழந்தபோது, அவற்றுட் சில ஓரிடத்தை முழுக் கருமையாக்கி அங்கிருந்த பொருள்களை மறைத்தமைக்காகவே விலக்கப்பட்டன. அழிப்பான் தொடாமலும் அழிக்கலாம் என்பதை அந்தப் படங்கள் காட்டின.

இவற்றைக் கண்டறியப் போட்டி நடத்துவோர் கேட்பது, கமரா உணரியின் அளவீடுகளைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக்கோப்பை, அதாவது ரோ கோப்பை. உணரியிலுள்ள ஒளிக்கண்கள் ஒளியின் அளவை மட்டுமே அறிவன, நிறத்தை அறியமாட்டா. ஆகவே அவற்றின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் சதுரங்கப் பலகை போன்ற ஒழுங்கில் பதிக்கப்படுகின்றன. கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் பாதிக் கண்கள் பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் உரியவை. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரு நிறங்களை அயற்புள்ளிகளிலிருந்து கமரா கணித்து நிரப்புவதால், முழுப் படத்திலும் ஒரு சீரான கணிதத் தொடர்பு படிந்துவிடுகிறது. வெளியிலிருந்து ஒட்டப்பட்ட பகுதியில் அத்தொடர்பு குலைந்திருக்கும். மூலக்கோப்பு பொதுவாக 14 பிட் ஆழத்தில் 16,384 ஒளிநிலைகளைத் தாங்கும், ஜேபெக் படமோ ஒவ்வொரு நிறத்துக்கும் 256 நிலைகளையே தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கமான மென்பொருள்கள் மூலக்கோப்பைத் திருத்தி எழுதுவதில்லை. செய்த மாற்றங்களின் குறிப்பைத் தனியே வைத்துக்கொள்கின்றன. இதனால் வெட்டப்பட்ட ஓரமும் அழிக்கப்பட்ட பையும் நடுவரின் திரையில் மீண்டும் தோன்றுகின்றன.

ஜேபெக் மட்டுமே கிடைத்தாலும் தடயம் முற்றாக மறைந்துவிடுவதில்லை. அம்முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கொசைன் உருமாற்றம் என்னும் கணிப்புக்கு உட்படுத்திச் சுருக்குகிறது; அக்கணிப்பை 1974இல் வெளியிட்டவர்கள் இந்தியாவில் பிறந்த நசீர் அகமதும் அவருடன் பணியாற்றிய நடராஜன், ராவ் ஆகியோருமாவர். ஒருமுறை சுருக்கிய படத்தைத் திருத்தி மறுபடி சுருக்கும்போது எண்களின் பரம்பலில் இரட்டைச் சுருக்கத்தின் வடு விழுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு, படம் எந்த இடத்தில் தொடப்பட்டது என்பதும் பல வேளைகளில் புலப்படும்.

ஆயினும் மூலக்கோப்பால் வில்லைக்கு முன்னால் நிகழ்ந்த பொய்யைக் காட்டிக்கொடுக்க இயலாது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டின் சிறந்த வனவிலங்கு ஒளிப்படப் போட்டியில், 2017இல் பரிசு பெற்ற எறும்புண்ணிப் படம் அடுத்த ஆண்டு விலக்கப்பட்டது. பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பஞ்சடைத்த எறும்புண்ணியும் படத்திலுள்ளதும் ஒன்றே என, உரோமக் கற்றைகளையும் கழுத்துக் கோலங்களையும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். படமெடுத்தவர் அதனை மறுத்தார். மென்பொருளால் தீராத இவ்வழக்கை விலங்கியலே தீர்த்தது.

அதே போட்டியில், 2020 ஊரடங்கின்போது கொழும்பிலுள்ள வீட்டு மாடத்திலிருந்து கிளிக்குஞ்சுகளைப் படமெடுத்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் 2021இல் பாராட்டுப் பெற்றான். நகரத்துப் பறவைகளைப் படமெடுப்போருக்கு இயற்கைப் பிரிவின் விதிகள் தனியான சங்கடத்தைத் தருகின்றன. சர்வதேச ஒளிப்படக் கலைச் சம்மேளனமும் அமெரிக்க ஒளிப்படச் சங்கமும் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணம், மனிதர் உருவாக்கிய பொருள்களை இயற்கைப் படத்தில் அனுமதிப்பதில்லை. களஞ்சியத்தில் வாழும் ஆந்தை போல, மனிதச் சூழலுக்குப் பழகிய உயிரின் கதைக்கு அவை இன்றியமையாதவையாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. வெள்ளவத்தைக் கால்வாயோரம் மின்கம்பியில் அமர்ந்த மீன்கொத்தியைப் படமெடுத்தவர், கம்பியை அழித்தால் விதியை மீறியவராவார், விட்டுவைத்தால் வரைவிலக்கணத்தோடு வாதாட வேண்டியவராவார். கொப்பில் வந்து அமரும்வரை காத்திருப்பதே அவருக்கு எஞ்சும் வழி.

திறந்த பிரிவு எனப்படும் கலைப்பிரிவில் இக்கட்டுப்பாடுகள் பெரும்பாலும் இல்லை. படத்திலுள்ள கூறுகள் அனைத்தும் பங்குபற்றுபவரின் சொந்த ஒளிப்படங்களாக இருந்தாற் போதும். இலங்கையில் இதன் முன்னோடியைத் தேடினால் புதுக்கடை வரை செல்ல வேண்டும். அங்கு இயங்கிய உயர்நீதிமன்றத்தின் நீதியரசர் ஹென்றி லோரன்ஸ் வென்ட், 1906இல் தோன்றிய இலங்கை ஒளிப்பட ஆர்வலர் சங்கத்தின் தாபகர்களில் ஒருவர். இலண்டனில் சட்டமும் பியானோவும் கற்று 1924இல் திரும்பிய அவருடைய மகன் லயனல் வென்ட், சட்டத்தொழிலில் நீடிக்காமல் இசையிலும் கமராவிலும் ஆழ்ந்தார். பாதி கழுவிய படத்தின் மீது மறுபடி ஒளி பாய்ச்சி, உருவங்களின் விளிம்புகளைக் கோடு வரைந்தாற்போல் துலங்கச் செய்யும் ஒளிமாற்று முறையையும், பல நெகட்டிவ்களை ஒரே தாளில் இணைக்கும் கூட்டுப்பட முறையையும் அவர் கையாண்டார். அப்படங்கள் இன்றைய செய்திப் பிரிவுக்கு அனுப்பப்பட்டால் முதற் சுற்றிலேயே விழுந்துவிடும். அவை பொய் சொல்லவில்லை, ஏனெனில் அவை சாட்சி சொல்ல முன்வரவே இல்லை. இந்த வேறுபாட்டை விளக்க வென்டின் படங்களை விடப் பொருத்தமான சான்று நம் நாட்டில் இல்லை எனலாம்.

கைத்தொலைபேசிக் கமராக்கள் இந்தப் பாகுபாட்டையே கலங்கடித்துள்ளன. இரவுப் படமொன்றுக்காகத் தொலைபேசி பல சட்டகங்களை அடுத்தடுத்து எடுத்து, அசைவைச் சரிசெய்து, இரைச்சற் புள்ளிகளைக் குறைத்து ஒன்றாக்குகிறது. மூலம் எது என்ற கேள்விக்கு அங்கே நேரான விடை இல்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகிய பின், உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டி தன் விதியைத் தகவலின் அடிப்படையிலேயே வகுத்தது: இரைச்சல் நீக்குதல் போன்றவற்றை வரம்புக்குட்பட்டு ஏற்கிறது, படத்தைப் பெரிதாக்கும்போது இல்லாத நுண்விவரங்களைப் புனையும் கருவிகளை விலக்குகிறது. காசிப் பைக்குரிய தர்க்கமே இங்கும் பொருந்துகிறது.

நீதிமன்றங்களும் இக்கேள்வியைச் சந்தித்தே வந்துள்ளன. இலங்கையில் 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் போதாதெனக் கண்டு, சரியாக நூறாண்டின் பின் இயற்றப்பட்ட 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், நிகழ்வின்போதே செய்யப்பட்ட பதிவுகளையும் கணினிச் சான்றுகளையும் எந்நிபந்தனைகளில் ஏற்கலாம் என வகுத்தது. பதிவு மாற்றப்படாதிருப்பதும் பாதுகாப்பான பொறுப்பில் இருந்ததும் அங்கே கருதப்படும். கமரா உற்பத்தியாளர்கள் இப்பொறுப்பைக் கருவியிடமே ஒப்படைக்க முயல்கின்றனர்: படம் பதிவாகும் கணத்திலேயே இலக்கமுறைக் கையொப்பம் இடப்பட்டால், பின்னர் ஒரு புள்ளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. ஆனால் கெனன் நிறுவனத்தின் பழைய கையொப்ப முறை 2010இல் உடைக்கப்பட்டது. 2023இல் லைக்கா நிறுவனம் தொடங்கிவைத்த புதிய முறையைப் பின்பற்றிய நிக்கொன் கமராவொன்றில், பல சட்டகங்களை ஒன்றன்மேலொன்றாகப் பதியும் வசதியைக் கொண்டு, கையொப்பமில்லாத வேறு படத்துக்கும் கையொப்பம் பெறலாம் என்பதை 2025இல் பயனர் ஒருவர் நிரூபித்தார். நிக்கொன் அச்சேவையை நிறுத்தி, வழங்கிய சான்றிதழ்களையும் இரத்துச் செய்தது. பெரிய போட்டிகள் இன்றும் மூலக்கோப்பையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த சட்டகங்களின் வரிசையையும் கேட்டு வாங்கி, பயிற்சி பெற்ற ஆய்வாளர்களைக் கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டே பார்க்கின்றன.