மொட்டு இருக்கும் இடம் தெரிந்தால் போதும்

சேலம் மாவட்டத்தில் ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, எடப்பாடி பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பயிரிடுகிறவர்கள் யாரும் கிழங்கை நடுவதில்லை. அறுவடையில் கிழங்கு சேகோ ஆலைக்கும் சந்தைக்கும் போய்விடும். தண்டை மட்டும் நிழலில் நிறுத்திவைத்து, அடுத்த நடவின்போது 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி ஊன்றுவார்கள். கிழங்கைப் புதைத்தால் அழுகித்தான் போகும். அது பருத்த வேர். அதில் துளிர்க்க மொட்டு இல்லை. மொட்டெல்லாம் தண்டின் கணுவில் இருக்கிறது.

அடுப்படிக் காய்கறியிலிருந்து வீட்டுக்குள் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். எந்தக் காயில் மொட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எது முளைக்கும், எது அழுகும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தறி ஓடும் வீடுகள் நெருங்கி நிற்கும் ஊரில் தோட்டம் போட இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் வெளிச்சம் விழும் ஜன்னல் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது.

தொடங்குவதற்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைவிடச் சுலபமானது வேறில்லை. இதுவும் வேர்தான், ஆனால் குச்சிக்கிழங்குபோல அல்ல. புதிதாக மொட்டுகளை உண்டாக்கித் துளிர்விடும். கொடியோடு ஒட்டியிருந்த தழும்பு தெரியும் முனை மேலே, வாலாகச் சிறுத்துப் போகும் முனை கீழே இருக்கும்படி கிழங்கைப் பிடித்து, இடுப்பில் நான்கு பல்குச்சிகளைக் குத்த வேண்டும். அதை ஒரு கண்ணாடி டம்ளரின் விளிம்பில் உட்காரவைத்து, அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு நனையும்படி தண்ணீர் ஊற்றினால் போதும். சில நாட்களில் தண்ணீருக்குள் வெள்ளை வேர்கள் இறங்கும். பிறகு மேல் முனையில் செம்பழுப்புத் துளிர்கள் கிளம்பி, இதய வடிவ இலைகளோடு கொடியாக நீளும். வள்ளைக்கீரையும் இதன் இனம்தான். பிலிப்பைன்ஸில் சர்க்கரைவள்ளியின் இளந்தளிரைக் கீரையாகவே சமைக்கிறார்கள்.

உருளைக்கிழங்கு மண்ணுக்குள் விளைந்தாலும் அது வேர் அல்ல, தண்டு. அதன் மேல் தெரியும் குழிகள்தான் கண்கள். துண்டு எவ்வளவு சிறியதானாலும் அதில் ஒரு கண் இருந்தால் முளைக்கும். இஞ்சியும் மஞ்சளும்கூட மண்ணுக்குள் படுத்திருக்கும் தண்டுகளே. பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்தின் கிழங்கை எடுத்து வைத்திருந்து, கோடையில் முளை கண்டதும் தொட்டியில் நட்டால், அகன்ற பச்சை இலைகளோடு அழகான வீட்டுச் செடியாகும். மளிகைக் கடையில் விற்கும் விரலி மஞ்சள் முளைக்காது. அதை வேகவைத்துத்தான் உலர்த்துகிறார்கள். உயிர் அங்கேயே போய்விடுகிறது.

வெங்காயத்தின் உண்மையான தண்டு, அடியில் வேர் தொங்கும் அந்தச் சின்ன வட்டத் தட்டுதான். நாம் உரித்துத் தின்பதெல்லாம் இலையின் அடிப்பகுதி. சாம்பாருக்கு வாங்கிய சின்ன வெங்காயத்தில் நான்கைந்தைத் தலை தெரிய மண்ணில் ஊன்றினால், சில நாட்களிலேயே பச்சைத் தாள் வரும், வேண்டும்போது கிள்ளிக்கொள்ளலாம். கேரட், பீட்ரூட்டின் தலைப்பக்கத்தை ஒரு அங்குலம் விட்டு நறுக்கித் தட்டில் கொஞ்சம் தண்ணீரில் வைத்தால் இலை துளிர்க்கும். ஆனால் வெட்டிய கிழங்கு மறுபடி வளராது. கேரட் விளையும் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். புதினாவுக்குக் கணுவே போதும்: இலை ஆய்ந்த தண்டைக் கணு மூழ்கத் தண்ணீரில் வைத்தால் வேர்விடும். கறிவேப்பிலைக் காம்பு அப்படிச் சுலபத்தில் வேர் பிடிக்காது.

மலையிலிருந்து இறங்கும் பழங்களும் இந்தக் கணக்கில் சேரும். கொல்லிமலை அன்னாசியின் கொண்டையைத் திருகி எடுத்து, அடி இலைகள் சிலவற்றை உரித்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு நட்டால் நல்ல அலங்காரச் செடி. ஏற்காட்டு பட்டர் ஃப்ரூட்டின் கொட்டையைக் காயவிடாமல் உடனே தண்ணீரில் நிறுத்த வேண்டும். உலர்ந்தால் முளைக்கும் திறன் போய்விடும். வேர்விட ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். நியூயார்க்கில் 1970களில் இப்படித் தின்ற பழத்தின் கொட்டைகளை முளைக்கவைப்பதற்கென்றே ஒரு சங்கம் நடந்தது. அதன் தலைவராக இருந்த டெபோரா பீட்டர்சனும் மில்லிசென்ட் செல்சமும் எழுதிய புத்தகம் 1977இல் வெளிவந்தது. 2008இல் வந்த புதுப்பதிப்பு, அடுப்படிக் கழிவிலிருந்து ஜன்னலோரம் வளர்க்கக்கூடிய 68 செடிகளைச் சொல்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் முளைக்காமல் போவதுண்டு. சேமிப்பில் முளைவிடாமல் இருக்க, குளிர்கிடங்கு உருளைக்கிழங்குக்கு முளைதடுப்பு மருந்து போடுவது வழக்கத்தில் இருக்கிறது. அதனால், கூடையில் தானாகவே கண் திறந்துவிட்ட கிழங்கைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

கவனமாக இருக்க வேண்டியவை மூன்று. முதலாவது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீரிலும் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். டம்ளர் தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டாவது வெயில். சேலம் சமவெளியின் ஏப்ரல், மே வெயிலில் மேற்கு ஜன்னலில் வைத்த இளந்துளிர் கருகிவிடும். காலை வெயில் மட்டும் படும் கிழக்கு ஜன்னல் உத்தமம். மூன்றாவது குழந்தைகள். உருளைக்கிழங்கின் இலையும் பச்சை முளையும் நஞ்சு. சேப்பங்கிழங்கின் பச்சை இலையை வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த இரண்டையும் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

டம்ளரில் வளரும் சர்க்கரைவள்ளி சில மாதங்களில் களைத்துவிடும். தண்ணீரில் அதற்குச் சத்து கிடைப்பதில்லை. அப்போது நீண்ட கொடியை நான்கைந்து கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, தென்னை நார்க் கழிவும் தொழு உரமும் கலந்த மண்ணை நிரப்பிய பையில், பாதிக் கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்றி மொட்டை மாடி வெயிலில் வைக்கலாம். விவசாயிகள் வயலில் நடுவதும் இப்படிக் கொடித் துண்டுகளைத்தான். நான்கு மாதத்தில் பையைக் கவிழ்த்துப் பார்த்தால் கிழங்கு இருக்கும்.